சவுண்ட் கார்டை மாத்துங்க, முன்னாடி இருக்கிற ஓட்டையை மறந்துடாதீங்க

உங்கள் கம்ப்யூட்டரில் ஹெட்போனை எங்கே சொருகுவீர்கள்? கேபினட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா, முன்னாடிதான்" என்பவர்களே அதிகம் இருப்பீர்கள். பின்பக்கக் கட்சியும் கொஞ்சம் உண்டு. மேசையை இழுத்து, ஒட்டடைக்குள் தலையை விட்டு, மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்தப் பச்சை ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொருகிய வீரர்கள் அவர்கள். ஒருமுறை சொருகிவிட்டால் படிப்பு முடிகிற வரைக்கும் கழற்ற மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த முன்பக்க ஓட்டையைப் பற்றியது. "போயும் போயும் இதுக்கு ஒரு கட்டுரையாடா?" என்று நம் இதழ்க் குழுவிலேயே கேட்டார்கள். கேட்டவனிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி, எழுது" என்றான். உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் இதழ் அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். லேப்பில் இருந்து கழித்துவிட்ட சிஸ்டம். கட்டுரைகளை ஒலி வடிவிலும் வெளியிடலாம் என்று முடிவு செய்தபோது அதில்தான் பதிவு செய்யத் தொடங்கினோம். முதல் நாளே தலைவலி. மைக்கில் யார் பேசினாலும் பின்னால் ஒரு 'ஸ்ஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. அது கூடப் பரவாயில்லை. மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் 'ஜிர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் அதற்கு வேறு சுருதி. கண்ணை மூடிக்கொண்டு மவுஸ் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டோம்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. மதர்போர்டிலேயே இருக்கும் ஆடியோ சிப், ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பக்கத்துக் குடித்தனம். அவர்கள் வீட்டு சத்தம் கிரவுண்ட் வழியாகவும் பவர் லைன் வழியாகவும் இவர் வீட்டுக்குள் வரும். மைக்கில் இருந்து வரும் சிக்னலோ சில மில்லிவோல்ட்தான். அதை ஒரு மெலிந்த கேபிளில், கேபினட்டின் முன்பக்கத்தில் இருந்து போர்டின் கடைசி மூலை வரைக்கும், எல்லா இரைச்சலுக்கும் நடுவே கொண்டுபோகிறோம். வந்து சேருவதே அதிசயம்.

ஆகவே சவுண்ட் கார்டு வாங்குவது என்று முடிவானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு மணி நேரம் சுற்றி, 1,200 ரூபாய்க்குப் பேரம் பேசி, ஒரு பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஸ்லாட்டில் செருகி, ஸ்க்ரூ முடுக்கி, ஸ்பீக்கர் வயரைப் பின்பக்கத்தில் இருந்து எடுத்துப் புதுக் கார்டில் மாட்டினேன். பயாசுக்குள் போய் போர்டில் இருந்த பழைய ஆடியோவை அணைத்துவிட்டேன். 'ரெண்டு சவுண்ட் கார்டு இருந்தா சண்டை போட்டுக்கும்' என்று யாரோ ஒரு சீனியர் எப்போதோ சொன்னது மண்டைக்குள் இருந்தது. பாட்டு போட்டேன். அடடா! 'ஜிர்ர்' போயே போச்சு. பதிவு செய்த குரலுக்குப் பின்னால் நிஜமான அமைதி. அன்றைக்கு ராத்திரி அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை 7 மணிக்கு அறைக்கு வந்தவன் ஒரு செகண்ட் இயர் தம்பி. நம் இதழின் கடைசி மெய்ப்பு பார்ப்பவன் அவன்தான். 'பார்ப்பவன்' என்பது பழக்கத்தில் வருகிற சொல். அவனுக்குப் பார்வை ஏறக்குறைய கிடையாது. கேட்பவன். என்விடிஏ என்ற திரை வாசிப்பு மென்பொருள் எங்கள் கட்டுரைகளை அவனுக்குப் படித்துக் காட்டும். நம் கண்ணுக்குத் தப்புகிற பிழை அவன் காதுக்குத் தப்பாது. இரண்டு முறை விழுந்த சொல், பாதியில் நின்ற வாக்கியம், 'ற'வுக்கு 'ர' எல்லாம் பிடித்துவிடுவான். வகுப்புக்கு முன்னால், அறை காலியாக இருக்கும்போது வருவான். ஹெட்போனை முன்பக்க ஓட்டையில் சொருகுவான். ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

அன்றைக்கு சொருகினான். ஒரு சத்தமும் இல்லை.

முன்பக்க ஜாக்கின் கேபிள் இன்னும் மதர்போர்டில்தான் மாட்டியிருந்தது. மதர்போர்டின் ஆடியோவை நான் அணைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் சத்தம் வந்திருக்கும். ஆனால் ராத்திரி போகும்போது ஸ்பீக்கர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது 'சவுண்ட் வரலை' என்கிற சின்னப் பிரச்சினை. கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி மாற்றிக்கொள்வோம். அவனுக்கு அது கம்ப்யூட்டரே இல்லை என்கிற பிரச்சினை. மாற்றுவதற்கான மெனு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய குரலே போய்விட்டது. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்திருக்கிறான். கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி என்விடிஏவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அது கூப்பிட்டவுடன் வந்திருக்கும், பாவம். வந்து, யாருக்கும் கேட்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கும்.

வகுப்புக்கு நேரமாகிவிட, போய்விட்டான். அந்த இதழ் அவன் கேட்காமலே வெளியானது. நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி இரண்டு தடவை ஒட்டியிருந்ததைக் கவனித்தவர்கள் இப்போது காரணம் புரிந்துகொள்ளலாம். இரண்டு நாள் கழித்து, "ஏன் தம்பி, இந்த வாட்டி பார்க்கலையா?" என்று நானே போய்க் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு நினைச்சேன்ணா."

நான் எழுத வந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். கெடுத்தது நான். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டவன் அவன். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நீங்கள் எதையோ மேம்படுத்திவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுவீர்கள். அம்மா போனில், "நான் என்னத்தையோ தொட்டுட்டேன் போல, அதுல இருந்து சத்தமே வரலை" என்பார். அவர் எதையும் தொட்டிருக்க மாட்டார்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். சவுண்ட் கார்டை மாற்றுவதில் நமக்கு இருக்கிற ஆர்வம் முழுவதும் ஒரே ஒரு எண்ணின் மேல் இருக்கிறது. எஸ்என்ஆர் எத்தனை டெசிபல்? 110-ஆ, 116-ஆ, 120-ஆ? இரண்டாம் ஆண்டில் படித்த ஃபார்முலாவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 6.02 பெருக்கல் பிட் எண்ணிக்கை, கூட்டல் 1.76. 16 பிட்டுக்குப் போட்டால் 98 டெசிபல் வருகிறது. ஒரு சிடியின் எல்லை அவ்வளவுதான். ஃபேன் ஐந்தில் ஓடுகிற ஹாஸ்டல் அறையில், பக்கத்து அறையில் கேரம் சத்தம் கேட்கும்போது, 116-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காது கேட்கப்போகிறது? என் காது கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது மவுஸ் சத்தம் போவது மட்டும். அதற்கு எந்தச் சாதாரண கார்டும் போதும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கியதில், கை எங்கே போகும், பிளக் எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை.

கார்டு செய்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த முதல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. ஆனால் அது கேபினட்டின் பின்பக்கத் தகட்டில் இருந்தது! பாட்டு சத்தம் ஜாஸ்தி என்றால் மேசைக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். அதே காலத்து சிடி டிரைவ்களின் முகத்தைப் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். தட்டுக்குக் கீழே ஒரு ஹெட்போன் ஓட்டை, பக்கத்தில் விரலால் உருட்டுகிற சக்கரம். அதில் கைக்கு எட்டுகிற இடத்தில் சத்தம் இருந்தது. 1990களின் கடைசியில் கிரியேட்டிவே லைவ்டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிடி டிரைவ் போகிற அகலத்தில் முன்பக்கத்தில் ஒரு பேனல், அதில் ஜாக்குகள், திருகுகள். கார்டு உள்ளே, கட்டுப்பாடு வெளியே. பிறகு வந்த சில கார்டுகளில் அதுவே மேசை மேல் வைக்கிற சின்னப் பெட்டியாக மாறியது. சவுண்ட் பிளாஸ்டர் இசட்எக்ஸ், ஏஈ-7 இரண்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஆக, சத்தம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது கைக்கு எட்டவும் வேண்டும் என்று இந்தத் துறைக்கு ரொம்ப நாளாகவே தெரியும். விலை குறைந்த மாடல்களில்தான் முதலில் அந்தப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். நாமும் விலை குறைந்த மாடலைத்தான் வாங்குகிறோம்.

சரி, அந்த ஓட்டைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? ஈசிஈ நண்பர்கள் ரசிப்பீர்கள். மற்றவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்தில் இருந்து வரும் கேபிள் மதர்போர்டில் பத்து பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பின் இருக்கிற ஒரு ஹெடரில் போய் உட்காரும். எட்டாவது பின் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த இடம் வேண்டுமென்றே காலி. பழைய முறைக்குப் பெயர் ஏசி 97, இன்டெல் 1997-ல் வகுத்தது. அதில் சத்தம் முதலில் முன்பக்க ஜாக்குக்குப் போகும். அங்கே ஹெட்போன் இல்லை என்றால், ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகத் திரும்பி வந்து பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும். ஐந்தாம் பின்னில் போய் ஆறில் திரும்பும், ஒன்பதில் போய்ப் பத்தில் திரும்பும். முன்வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்றால் கொல்லைப் பக்கம் போகிற மாதிரி. ஹெட்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்கும். டிரைவர், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். வெறும் இரும்புத் தகடு. முன்பக்கக் கேபிளைக் கழற்றிவிட்டு ஜம்பர் போட மறந்தால் பின்பக்கமும் ஊமையாகிவிடும் என்பது இதன் பக்கவிளைவு. 2004-ல் எச்டி ஆடியோ வந்தது. ஹெடர் அதே வடிவம், வயரிங் வேறு. இதில் ஜாக்கில் பிளக் இருக்கிறதா என்று சிப் 'உணர்கிறது'. எப்படி? ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு ரெசிஸ்டர்: 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். எல்லாம் ஒரே சென்ஸ் வயரில். ஒவ்வொன்றும் முந்தியதில் ஏறக்குறைய பாதி என்பதால், எந்தெந்த ஜாக்கில் பிளக் இருந்தாலும் மொத்த மதிப்பு வேறு வேறாக வரும். ஒரே வயரில் நாலு ஜாக்கின் செய்தி. இதை முதலில் புரிந்துகொண்டபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது எனக்கு. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பிளக்கை உணர்வது சிப்பின் வேலை, உணர்ந்த பிறகு சத்தத்தை எங்கே அனுப்புவது என்பது டிரைவரின் முடிவு. இரும்புத் தகடு செய்த வேலையை இப்போது ஒரு சாஃப்ட்வேர் செய்கிறது. அதற்குப் புத்தி பிசகினால் காதுக்கு ஒன்றும் வராது.

தம்பி சொன்ன அன்றைக்கே சரிசெய்ய உட்கார்ந்தேன். புதுக் கார்டிலும் முன்பக்கக் கேபிளுக்கு ஹெடர் இருந்தது. எல்லா கார்டிலும் இருக்காது. வாங்கும் முன் போட்டோவில் அந்த ஒன்பது பின்னைத் தேடிப் பாருங்கள். நம் கேபினட் கேபிளின் நுனியில் இரண்டு பிளக் தொங்கின. ஒன்றில் ஏசி 97 என்றும் இன்னொன்றில் எச்டி ஆடியோ என்றும் எழுதியிருந்தது. எச்டியை மாட்டினேன். முன்பக்கத்தில் சத்தம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இல்லை. அந்தக் கார்டின் டிரைவர், ஹெட்போனைச் சொருகியதும் தானாக மாறுவதில்லை. அதற்கென்று ஒரு கன்ட்ரோல் பேனல் இருக்கிறது. விண்வெளிக் கப்பல் மாதிரி கறுப்புத் திரை, நீல வெளிச்சம், சுழலுகிற படங்கள். அதில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி ஹெட்போன் படமாக மாற்ற வேண்டும். தம்பியைக் கூப்பிட்டு என்விடிஏவோடு முயற்சி செய்யச் சொன்னேன். அந்தத் திரையில் எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் படம். "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று வாசித்துக்கொண்டே போனது. எந்த பட்டன் என்று அதற்கே தெரியாது. தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போவது தெரியும். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஒரு யூஎஸ்பி டாக் வாங்கி முன்னாடி யூஎஸ்பியில் சொருகினால் முடிந்தது!" உண்மைதான், பெரும்பாலானவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். கேபினட்டுக்குள்ளே டிஜிட்டலாகவே வந்து, காதுக்குப் பக்கத்தில் அனலாக்காக மாறுவதால் அந்த 'ஜிர்ர்' உள்ளே நுழைய இடமே குறைவு. திருகு உள்ள டாக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பொது அறையில் இருக்கிற சின்னப் பொருளுக்குக் கால் முளைக்கும். பென்டிரைவுக்கு என்ன கதி ஆனதோ அதே கதி. தவிர, அதைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதுசாக வந்த விருந்தாளி மாதிரி நடத்தும். வெளியீடு வேறு எங்கோ போய் நிற்கும். ப்ளூடூத்? ஒவ்வொரு முறை பேசத் தொடங்கும்போதும் முதல் எழுத்தை விழுங்கிவிடுகிற ஹெட்செட்டுகள் நிறைய உண்டு. பாட்டுக்கு அது தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு மெய்ப்பு திருத்துகிறவனிடம் கேட்டுப் பாருங்கள்.

"கீபோர்டில் வால்யூம் கீ இருக்கே, எதுக்குத் திருகு?" என்பது அடுத்த கேள்வி. காதில் திடீரென்று அலறும்போது கை தானாகப் போகிற இடம் வேண்டும், அதற்குத்தான். காதுக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு தொழிலாளர்களுக்குச் சொல்கிற வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். திரையில் ஸ்லைடரைத் தேடுகிற நேரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். காதை மட்டுமே நம்பி இருப்பவனுக்கு அந்தக் காது இன்னும் முக்கியம் இல்லையா?

(ஒரு இடைச்செருகல்: சாஃப்ட்வேரில் வால்யூமைக் குறைத்தால் பிட் போய்விடும், தரம் கெடும் என்று சண்டை போடுகிற ஆடியோ பைத்தியங்கள் நம் வளாகத்திலும் உண்டு. 6 டெசிபலுக்கு ஒரு பிட் என்ற கணக்கு சரிதான். ஆனால் 16 பிட் பாட்டை 24 பிட் கார்டில் போடும்போது எட்டு பிட் கையிருப்பு இருக்கிறது. அனலாக் திருகு மட்டும் என்ன யோக்கியம்? ஆறு மாதத்தில் 'கரகர' என்று சொறியும், சத்தத்தைக் குறைத்தால் ஒரு காதில் மட்டும் பாடும். எனவே அந்தச் சண்டையை விட்டுவிடுங்கள்.)

கடைசியில் வழி சொன்னவன் தம்பிதான். "அண்ணா, பழசை ஏன் அணைச்சீங்க? ரெண்டும் இருக்கட்டுமே" என்றான். சீனியர் சொன்ன அந்தச் சண்டைக் கதையைச் சொன்னேன். பிறகு தேடிப் பார்த்தால், அது என் அப்பா காலத்துக் கதை. டாஸ் நாட்களில் சவுண்ட் கார்டுக்கு ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கையால் ஒதுக்க வேண்டும். இரண்டு கார்டு ஒரே எண்ணைக் கேட்டால் நிஜமாகவே சண்டைதான். அந்தக் காலம் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. புத்திமதி மட்டும் சீனியரிடம் இருந்து ஜூனியருக்கு ரெக்கார்டு நோட் மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கிறது.

பயாசில் பழைய ஆடியோவை மறுபடி உயிர்ப்பித்தேன். முன்பக்கக் கேபிள் பழையபடி மதர்போர்டுக்கே போனது. விண்டோசில் இயல்பான வெளியீடு பழைய ஆடியோதான். என்விடிஏவின் அமைப்புகளில் ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதிலும் பழையதையே குறிப்பாகத் தேர்ந்தெடுத்தோம். நாளைக்கு வேறு யாராவது இயல்பு வெளியீட்டை மாற்றினாலும் குரல் முன்பக்க ஓட்டையை விட்டுப் போகாது. புதுக் கார்டுக்குப் பதிவு வேலை மட்டும். ஆடாசிட்டியில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்ற மென்பொருளுக்கும் விண்டோஸ் 10-ன் 2018 ஏப்ரல் பதிப்பில் இருந்து, எந்த மென்பொருளின் சத்தம் எந்தக் கருவிக்கு என்று தனித்தனியாகச் சொல்ல முடியும். முன்பக்க ஜாக்கில் 'ஜிர்ர்' இன்னும் இருக்கிறது. தம்பிக்கு அது பிரச்சினை இல்லையாம். "மவுஸை யாரோ ஆட்டுறாங்கன்னு தெரியுதுண்ணா, நல்லதுதானே" என்கிறான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சவுண்ட் கார்டு வாங்குங்கள், தாராளமாக. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்து 'முடிந்தது' என்று சொல்வதற்கு முன், திரையை அணைத்துவிட்டு, முன்பக்கத்தில் ஹெட்போனைச் சொருகி, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முடிகிறதா? அந்தக் கம்ப்யூட்டரை வேறு யாரெல்லாம் தொடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். நான் அந்த ராத்திரி பாராட்டு வாங்கிய நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் பெரிய இடத்துக்கு. லேப்புக்குப் புது சிஸ்டம் வாங்கப்போவதாகத் துறை நோட்டீஸ் போர்டில் ஒரு தேவைப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ப்ராசசருக்கு நாலு வரி, ரேமுக்கு இரண்டு வரி, மானிட்டருக்கு மூன்று வரி. ஆடியோ என்ற இடத்தில் 'இன்டகிரேட்டட்' என்று ஒரே சொல். கேபினட் எப்படி இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. மானிட்டரின் முதுகில் ஒட்டுகிற சின்னப் பெட்டி வந்தால், ஹெட்போன் ஓட்டை மானிட்டருக்குப் பின்னால் போய்விட வாய்ப்பு உண்டு. 'முன்பக்கத்தில் 3.5 மிமீ ஹெட்போன், மைக் ஜாக். கீபோர்டில் வால்யூம் திருகு அல்லது தனி கீ' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு ஒன்றும் ஏறிவிடாது. இது நம் கருணையும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுக் கருவிகள் எல்லோரும் பயன்படுத்தும்படியான வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அந்த வரியைக் கேட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி இதழ் அறையில் வைத்திருக்கிறேன். இதுவரை 23 கையெழுத்து. உங்களுடையதும் வேண்டும்.

கையெழுத்து போட வரும்போது மேசை மேல் ஒரு சின்னப் பெட்டியைப் பார்ப்பீர்கள். ஒரு ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ, ஒரு ரோட்டரி என்கோடர், நாலு வயர். ப்ரோ மைக்ரோவில் இருக்கும் 32யூ4 சிப், தன்னைக் கீபோர்டு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். திருகினால் வால்யூம் கீயை அழுத்துவதாக அது நினைத்துக்கொள்ளும். (லேப்பில் கிடைக்கிற ஊனோவை வைத்து முயற்சி செய்யாதீர்கள், அது நேராகக் கீபோர்டு வேஷம் போடாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.) ஒரு முழுச் சுற்றுக்கு 20 'டிக்'. விண்டோஸ் ஒரு தட்டுக்கு 2 ஏற்றும். அடியில் இருந்து உச்சிக்குப் போக 50 டிக், அதாவது இரண்டரைச் சுற்று.

பெருமையோடு தம்பியிடம் கொடுத்தேன். உருட்டினான். திருப்பினான். "நல்லாருக்குண்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது எங்கேயும் முட்டலையே" என்றான். புரியவில்லை. பழைய ரேடியோ திருகு ஒரு பக்கம் போய் முட்டி நிற்கும், அதை வைத்து சத்தம் எங்கே இருக்கிறது என்று ஹெட்போன் மாட்டுவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். இது முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றான்.

என்கோடரைக் கழற்றிவிட்டு, முட்டி நிற்கிற 10 கே பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் கிளம்பியதும் முதலில் 50 தடவை குறைக்கச் சொல்லிப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், பிறகு திருகு இருக்கிற இடம் வரைக்கும் ஏற்றுகிற மாதிரி கோடு. இன்னும் இரண்டு டிக் தள்ளித்தான் நிற்கிறது. யாருக்காவது காரணம் தெரிந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அறைக்கு வாங்க.